விசிறிக்கு எந்த எண்ணெய்?

உங்கள் அறிவியல் பாடநூலில் உராய்வைப் பற்றிய பகுதியை எடுத்துப் பாருங்கள். எந்திரங்களில் உராய்வைக் குறைக்க எண்ணெய் இடுகிறோம் என்று ஒரு வரி அங்கே இருக்கும். தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் விடை இல்லை. விடை இல்லாமற் போவதால் வரும் நட்டத்தை நம் வீட்டு மேசை விசிறிகள் தாங்குகின்றன.

விசிறி கிரீச்சிடுகிறது. அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டி வருகிறது. தண்டின் மேல் இரண்டு சொட்டு விட்டதும் சத்தம் நின்றுவிடுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்கள் சென்றபின் விசிறி சோம்பலாகச் சுற்றத் தொடங்குகிறது. பிறகு கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றும் என்ற நிலை வருகிறது. இறுதியில் ஒரு நாள் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது. சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் மின்சாரம் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தால் கம்பிச்சுற்று சூடேறிக் கருகும். பழுது பார்ப்பவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "காயில் கட்ட வேண்டும்" என்பார். இரண்டு சொட்டு எண்ணெயின் விலை அப்போதுதான் தெரியும்.

எண்ணெய் இட்டது நல்ல காரியந்தான். எந்த எண்ணெய் என்று கேளாமல் இட்டதுதான் தவறு. எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது மெக்கானிக்குக்கு மட்டும் உரிய இரகசியம் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியலும் வேதியியலும் தெரிந்த எவரும் யோசித்து முடிவு செய்யக்கூடிய கணக்கு அது.

முதலில் விசிறியின் உள்ளே பார்ப்போம். மேசை விசிறியின் மோட்டார்த் தண்டு முன்னும் பின்னும் இரண்டு 'புஷ்'களில் தங்கிச் சுழல்கிறது. புஷ் என்பது வெண்கலத்தாலான சிறு குழாய்த் துண்டு. வெண்கலப் பொடியை அச்சில் இட்டு அழுத்திச் சூடேற்றி இதைச் செய்கிறார்கள். ஆகையால் இது கடற்பஞ்சைப் போல நுண்துளைகள் நிறைந்தது. பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துளைதான். அதில் எண்ணெய் ஊறியிருக்கும். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் வெளியே கசியும். நின்று குளிர்ந்தால் நுண்புழை ஈர்ப்பால் மீண்டும் உள்ளே போகும். புஷ்ஷைச் சுற்றி எண்ணெய் ஊறிய கம்பளித் துணி வளையம் ஒன்றும் பல விசிறிகளில் உண்டு. விளக்குத் திரியைப் போல அது புஷ்ஷுக்கு எண்ணெயை ஊட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, அந்த எண்ணெய் செய்யும் வேலை என்ன? வழுக்கிவிடுவதுதானே என்பீர்கள். 1883-ஆம் ஆண்டுவரை பொறியாளர்கள் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர், இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் பிதுங்கி வந்தது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கும் மேல் காட்டிற்று. தாங்கியின் மீது அவர் ஏற்றியிருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான்.

இதன் பொருள் என்ன? சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, குறுகலான இடைவெளிக்குள் ஆப்பைப் போல அடித்துத் திணிக்கிறது. அங்கே பிறக்கும் அழுத்தம் அச்சையே தூக்கி நிறுத்துகிறது. அச்சு உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்குரிய கணிதத்தை வகுத்துக் கொடுத்தார். உங்கள் வீட்டு விசிறியின் தண்டும் நன்றாக ஓடும்போது இப்படி மிதந்துதான் ஓடுகிறது.

மிதக்க வைக்கும் ஆற்றல் எண்ணெயின் பாகுநிலையைப் பொறுத்தது. தண்ணீர்போல் நீர்த்திருந்தால் படலம் பிதுங்கி ஓடிவிடும். உலோகம் உலோகத்தை உரசும். தேன்போல் கெட்டியாக இருந்தால் படலம் நிற்கும். ஆனால் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு சுழல மோட்டார் பாடுபட வேண்டும். எவ்வளவு பாடு? கணக்கிட்டுப் பார்ப்போமே. தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர், நிமிடத்திற்கு 1300 சுற்று என்று கொண்டால், அதன் பரப்பு நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான மோட்டார் எண்ணெயின் பாகுநிலை எண் 0.05 பாஸ்கல்-நொடி. பாகுநிலை எண்ணை வேகத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1250 நியூட்டன் வரும். 15 மில்லிமீட்டர் நீளமுள்ள புஷ்ஷின் பரப்பு சதுர மீட்டரில் சுமார் 0.0004. ஆக இழுவிசை அரை நியூட்டன். வீணாகும் திறன் கால் வாட். இரண்டு புஷ்களுக்கும் சேர்த்து அரை வாட். 50 வாட் விசிறிக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அதே இடத்தில் லாரியின் கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயை விட்டால் இழப்பு சுமார் நான்கு மடங்காகும். மேசை விசிறி அதையும் முக்கி முனகித் தாங்கிக்கொள்ளும். ஆனால் கணினிக்குள் இருக்கும் சிறு விசிறியையும் பொம்மைக் காரின் மோட்டாரையும் எண்ணிப் பாருங்கள். அவற்றின் மொத்தத் திறனே ஓரிரு வாட்தான். அங்கே கெட்டியான எண்ணெய் விட்டால் மோட்டார் கிளம்பவே தயங்கும்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அதை அவசரப்பட்டுத் திட்டிவிடக்கூடாது. 40 பாகை செல்சியசில் அதன் பாகுநிலை தையல் எந்திர எண்ணெயைவிடச் சற்றுக் கூடுதல். மோட்டார் எண்ணெயைவிடக் குறைவு. அந்த வகையில் அது விசிறிக்குத் தகாத எண்ணெய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் விட்டவுடன் சத்தம் நிற்கிறது. குறை மூன்று இடங்களில் இருக்கிறது.

மார்கழி மாதத்து விடியலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். சுமார் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். கொடைக்கானலிலும் உதகையிலும் ஆண்டு முழுவதும் இந்தத் தொல்லை உண்டு. இது சிறு குறை. வெயில் வந்தால் தானே தீரும்.

இரண்டாவது குறையைக் காண நீங்கள் விசிறியைக் கழற்ற வேண்டாம். பூசை அறையிலுள்ள பித்தளைக் குத்துவிளக்கைப் பாருங்கள். பல நாள் துலக்காமல் விட்டால் எண்ணெய் நின்ற இடத்தில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். தாவர எண்ணெய் கெடும்போது அதில் கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை செம்போடு வினைபுரிந்து பச்சை நிறச் சேர்மங்களைத் தருகின்றன. வெண்கலப் புஷ்ஷிலும் பெரும்பங்கு செம்புதான். விளக்கில் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். புஷ்ஷின் நுண்துளைகளுக்குள் புளியைக் கொண்டு போக வழியில்லை.

மூன்றாவது குறைதான் விசிறியைக் கொல்வது. அதே விளக்கில் விரலில் ஒட்டுகிறதே, அந்தப் பிசுக்கு. தாவர எண்ணெயின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நாளடைவில் பசையாகின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்தும். செம்பு வினையூக்கியாக நின்று இன்னும் விரைவுபடுத்தும். விசிறியின் புஷ்ஷில் இரண்டுமே இருக்கின்றன. இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டுவது அயோடின் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். அதனால்தான் ஓவியர்கள் வண்ணம் குழைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். பூசினால் தோலாக இறுகிவிடும். நல்லெண்ணெய்க்கு 100-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கோ பத்துக்கும் குறைவு. ஆகவே சமையலறை எண்ணெய்களில் மிக மெதுவாகப் பசையாவது அதுதான். தேங்காய் எண்ணெய் இல்லையென்று நல்லெண்ணெயை எடுத்து விடுபவர் இன்னும் விரைவாகக் காயில் கட்டப் போவார்!

ஆனால் நம் முன்னோர் தாவர எண்ணெயைத்தானே வண்டிக்குப் போட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மசகு என்ற சொல்லே மாட்டுவண்டி அச்சுக்குப் பூசிய கரிய மையிலிருந்துதான் வந்தது. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்துச் செய்தது அது. விளக்கெண்ணெய் மிகவும் கெட்டியானது. மெதுவாகச் சுழலும், பெருஞ்சுமை தாங்கும் அச்சுக்கு நன்கு பொருந்தும். முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சின்கள் சிலவற்றிலும் விளக்கெண்ணெய்தான் ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்து பிறந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டிக்காரர் அடிக்கடி அச்சைத் துடைத்துப் புதிதாக மசகு பூசினார். அந்த விமான எஞ்சின்களோ எண்ணெயை ஒருமுறை பயன்படுத்தி வெளியே கக்கிவிட்டன. எண்ணெய் பசையாக அவகாசமே கிடைக்கவில்லை. விசிறியில் இட்ட எண்ணெய் ஓராண்டோ இரண்டாண்டோ அங்கேயே கிடக்க வேண்டும்.

தாவர எண்ணெயே சரியான விடையாகும் இடம் ஒன்றும் வீட்டில் உண்டு. மிக்சி ஜாரின் அடியில், கத்தி சுழலும் புஷ். அங்கே இடும் எண்ணெய் சட்னியில் கலக்கக்கூடும். அதற்கு உண்ணும் எண்ணெய்தான் இட வேண்டும். ஜாரை அன்றாடம் கழுவுவதால் பசைத் தொல்லையும் குறைவு.

கடையில் கிடைக்கும் மற்றவற்றைப் பார்ப்போம். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், மசகாக நிற்காது. டபிள்யூடி-40 என்ற தெளிப்பானைப் பலர் எல்லா நோய்க்கும் மருந்தாக எண்ணுகிறார்கள். அது 1953-இல் அமெரிக்காவில், ஏவுகணைகளின் உலோகத்தை ஈரத்திலிருந்து காப்பதற்காக உருவானது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் நீரை விலக்குதல் என்பதன் சுருக்கம். அதில் பாதியளவு ஆவியாகும் கரைப்பான். இறுகிய திருகைக் கழற்ற அருமையானது. ஆனால் புஷ்ஷில் அடித்தால் அங்கே மிச்சமிருந்த நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும். பின்னால் தங்குவது மெல்லிய படலந்தான்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் எண்ணெய் எப்படி? அதில் கரியையும் அழுக்கையும் அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கும் மருந்துகள் சேர்த்திருப்பார்கள். எஞ்சினில் வடிகட்டி இருப்பதால் மிதக்கும் அழுக்கை அது பிடித்துக்கொள்ளும். விசிறியில் வடிகட்டி ஏது? மிதக்கும் தூசு புஷ்ஷின் நுண்துளைகளில் போய் அடைபடும். வேறு கிடைக்காத ஊரில் ஓர் அவசரத்திற்குப் புது எஞ்சின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் பட்டறையில் வடித்த கறுப்பு எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். கரித்தூளும் உலோகத்தூளும் கலந்த அது, உப்புத்தாளின் வேலையைச் செய்யும்.

கிரீஸ் என்பது சோப்பு இழைகளுக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்த ஒரு குழம்பு. பந்துத் தாங்கிகளுக்கு, அதாவது பேரிங்குகளுக்கு அது உரியது. நுண்துளைப் புஷ்ஷில் அப்பினால் துளையின் வாயை அடைத்துவிடும்; எண்ணெய் வந்து போகும் வழி நின்றுவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது? மேசை விசிறிக்கு என் தேர்வு டர்பைன் ஆயில் என்று விற்கும் கனிம எண்ணெய். டப்பாவின் மேல் 46 அல்லது 68 என்ற எண் இருக்கட்டும். அந்த எண் வெறும் வணிகப் பெயரன்று. 40 பாகை செல்சியசில் அந்த எண்ணெயின் பாகுநிலையைச் சென்டிஸ்டோக் அலகில் குறிப்பது. எண் பெரிதானால் எண்ணெய் கெட்டி. இவ்வகை எண்ணெயில் துருவையும் ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்கும் பொருள்கள் இருக்கும். அழுக்கை மிதக்கவைக்கும் மருந்து இராது. பழைய விசிறிகளின் கையேடுகளில் எஸ்.ஏ.இ. 20 என்று கண்டிருந்தால் அதுவும் ஏறத்தாழ இந்தக் கனமே.

தையல் மிஷின் எண்ணெயே போதும் என்று வாதிடுவோர் பலர். நான் அவர்களோடு பாதிவரைதான் உடன்படுவேன். அது துணியில் கறை படியாமலும் நுண்ணிய மூட்டுகளில் ஊடுருவவும் வேண்டி நீர்க்கச் செய்யப்பட்டது. தையற்காரர் அடிக்கடி எண்ணெய் விடுவார். விசிறியோ சித்திரை மாதத்தில் இரவு பகலாக ஓடுகிறது; மோட்டார் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. 70 பாகை வெப்பத்தில் 15 எண் எண்ணெயின் பாகுநிலை சுமார் 6-ஆக இறங்கிவிடும். 68 எண் எண்ணெயோ அப்போதும் 20-க்குப் பக்கத்தில் நிற்கும். கணினி விசிறி, பொம்மை மோட்டார் ஆகியவற்றுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தாராளமாகப் பொருந்தும். கோவை நூற்பாலைகளில் மின்னல் வேகத்தில் சுழலும் கதிர்களுக்கும் ஸ்பிண்டில் ஆயில் என்ற நீர்த்த எண்ணெயைத்தான் இடுகிறார்கள். வேகம் மிகுந்தால் நீர்த்த எண்ணெயே படலத்தைத் தாங்கிவிடும்.

இதையெல்லாம் நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, அதன் மேல் விளிம்பில் ஐந்து எண்ணெய்களில் ஒவ்வொரு சொட்டு ஒரே நேரத்தில் விட்டு ஓட்டப்பந்தயம் நடத்துங்கள். பாகுநிலை வரிசை கண்ணெதிரே தெரியும். பிறகு, தேய்த்துத் துலக்கிய செம்புக் கம்பித் துண்டுகளை ஐந்து மூடிகளில் இட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெயை ஊற்றி, பெயரெழுதி, வெயில் படும் சன்னலில் மூன்று மாதம் வையுங்கள். வாரம் ஒருமுறை குச்சியால் தொட்டுப் பிசுக்கையும், கம்பியில் பச்சையையும் குறித்து வாருங்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரியை எத்தனை ஆண்டுகள்தான் வைப்பது?

எண்ணெய் விடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மெதுவாகச் சுற்றும் எல்லா விசிறிக்கும் எண்ணெய்ப் பசி என்று முடிவு கட்டக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். இலேசாகச் சுற்றிக்கொண்டே போனால் புஷ் நலமாக இருக்கிறது; குறை பெரும்பாலும் கண்டன்சரில். அதற்கு எண்ணெய் மருந்தாகாது. கண்டன்சர் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை நீங்கள் தொடாமல், தெரிந்தவரிடம் விடுங்கள். சுற்றியவுடன் கனத்து நின்றால்தான் எண்ணெயின் வேலை. அப்போதும் பழைய பசையின் மேல் புது எண்ணெய் விடுவது அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுவது போன்றது. பெரியவர் ஒருவர் துணையுடன் தண்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழுப்புப் பசையைத் துடைத்தெடுத்து, மண்ணெண்ணெய் முழுதும் காய்ந்தபின், புஷ்ஷும் கம்பளி வளையமும் நன்றாக ஊறும்படி புது எண்ணெயை விட வேண்டும். அதன்பின் கோடைக்கு முன்னொரு முறை இரண்டு மூன்று சொட்டு போதும். மிகுந்தால் வழிந்து கம்பிச்சுற்றில் படிந்து தூசியைச் சேர்க்கும். மிக்சி போன்ற கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்களில், பிரஷ் உரசும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது.

விசிறி செய்வோரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. முன்பெல்லாம் மோட்டார் மூடியில் எண்ணெய்த் துளை ஒன்று தெரியும்படி இருக்கும். இன்று வரும் பல விசிறிகளில் அத்துளை இல்லை. வாழ்நாள் முழுவதும் எண்ணெய் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய வாழ்நாள்? எண்ணெய் வற்றினால் விசிறியின் வாழ்நாள் அன்றோடு முடிகிறது என்பதுதானே பொருள்! எண்ணெயின் எண்ணையும் விட வேண்டிய இடத்தையும் அடிப்பலகையில் ஒரு வரியில் அச்சிட எவ்வளவு செலவாகும்? கடையில் விசிறி வாங்கும்போது இதைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்பார்.

கூரையில் தொங்கும் விசிறியின் கதை வேறு. அதில் புஷ் கிடையாது. கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்குகள் இருக்கும். ஏணி போட்டு ஏறி மேலிருந்து எண்ணெய் ஊற்றினால் அது மூடியைத் தாண்டி உள்ளே போகாது. போனாலும் கிரீசைக் கரைத்துக் கெடுத்துவிடும். பேரிங் கரகரவென்று ஒலித்தால் மாற்றுவதே வழி. பழையதன் விளிம்பில் 6201, 6202 என்பது போல எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைச் சொல்கின்றன: 01 என்றால் 12 மில்லிமீட்டர், 02 என்றால் 15. அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் பழைய பேரிங்கைத் தூக்கிச் செல்ல வேண்டிய தேவையும் இராது.